நிமிடங்களின் நோக்கம்: என்பிஏ அணிகளின் இளம் வீரர் உருவாக்கத்தில் இரண்டாம் நிலை லீக்கின் பங்கு

என்பிஏ ஆட்டம் ஒன்று 48 நிமிடம். ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் களத்தில் நிற்பதால், பயிற்சியாளரிடம் பங்கிட இருப்பது மொத்தம் 240 நிமிடங்கள். அணியிலோ 15 பேர். வெற்றியைத் துரத்தும் அணியில் எட்டு, ஒன்பது பேரே அந்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தேர்வாகிப் பெரிய சம்பளத்தோடு வந்து சேரும் 19 வயது இளைஞருக்கு மிஞ்சுவது, முடிவு தெரிந்துபோன ஆட்டங்களின் கடைசி மூன்று, நான்கு நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் எதிரணியின் முதன்மை வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே அடிக்கும் கூடையும் எதையும் நிரூபிக்காது, அங்கே செய்யும் பிழையும் எதையும் கற்றுத் தராது.

இந்த நெருக்கடிக்கு அமெரிக்கக் கூடைப்பந்து கண்ட விடை, இரண்டாம் நிலை லீக். 2001இல் எட்டு அணிகளோடு தொடங்கி, பின்னர் டி லீக் என்று பெயர் பெற்று, 2017 முதல் கேட்டரேட் நிறுவனத்தின் ஆதரவில் ஜி லீக் என்று அழைக்கப்படுவது அது. 2005இல் என்பிஏவும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் இரண்டு மாற்றங்களை ஒன்றாகக் கொண்டுவந்தது. டிராஃப்டில் நுழையக் குறைந்தபட்ச வயது 19 ஆனது. முதல் இரண்டு ஆண்டுகளில் உள்ள வீரர்களைச் சம்பளம் குறையாமல் கீழ் லீக்குக்கு அனுப்பி ஆடவைக்கவும் வழி பிறந்தது. அன்று முதல் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது: பக்குவமடையாத வீரருக்கு வேண்டியது ஆட்ட நேரம், அதைக் கீழே கொடுத்தால் ஆள் தேறிவிடுவார்.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆட்ட நேரம் இன்றியமையாதது, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த நேரத்தை யார், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதும், மேல் லீக்கில் தன் குறை என்னவென்று பட்டறிந்த பிறகு வீரர் கீழே வருகிறாரா என்பதுமே பெரும்பாலும் விளைவைத் தீர்மானிக்கின்றன. டொரான்டோ ராப்டர்ஸ் அணியின் இரண்டு தேர்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலாமவர் ப்ரூனோ கபோக்லோ. பிரேசிலின் ஒசாஸ்கோ நகரில் பிறந்தவர். 2014 டிராஃப்டில் டொரான்டோ அவரை 20ஆவது இடத்தில் எடுத்தபோது வயது 18. வட அமெரிக்க ரசிகர்களில் அவர் பெயரைக் கேட்டிருந்தவர்கள் மிகச் சிலரே. கைகளை விரித்தால் ஏழடிக்கும் மேலே நீளும் உடல்வாகு, மென்மையான எறிதல், ஆட்ட நுணுக்கம் ஏறக்குறைய எதுவும் இல்லாத நிலை. தேர்வு அறிவிக்கப்பட்ட இரவிலேயே தொலைக்காட்சி வர்ணனையாளர் ஒருவர், இந்தப் பையன் தயாராவதற்கு இரண்டு ஆண்டு வேண்டும், அந்தத் தயாரிப்புக்குத் தயாராகவே இன்னொரு இரண்டு ஆண்டு வேண்டும் என்ற பொருளில் சொன்னது இன்றுவரை நினைவுகூரப்படுகிறது.

அந்தப் பருவத்தில் ராப்டர்ஸுக்குச் சொந்தமாகக் கீழ் அணி இல்லை. இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் மேட் ஆன்ட்ஸ் அணியே, தனித் துணை அணி இல்லாத 13 என்பிஏ அணிகளுக்கும் பொதுவாக இருந்தது. கபோக்லோ அங்கே அனுப்பப்பட்டார். அந்த அணியின் பயிற்சியாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? தம் அணியின் உரிமையாளருக்கும் ரசிகர்களுக்கும். முந்தைய ஆண்டு கோப்பை வென்ற அணி அது. மொழி தெரியாத, தடுப்பாட்டத்தில் எங்கே நிற்பது என்று புரியாத ஒரு பிரேசில் இளைஞரை 30 நிமிடம் ஆடவிட்டு ஆட்டத்தைத் தோற்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. அப்படிச் செய்தால் தம் சொந்த வீரர்களின் என்பிஏ வாய்ப்பையும் அவர் கெடுத்தவராவார். எனவே நிமிடங்களுக்காக அனுப்பப்பட்ட வீரர் அங்கேயும் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். என்பிஏவிலும் அந்தப் பருவம் முழுவதும் அவர் இறங்கியது எட்டு ஆட்டங்களில் மட்டும்.

இதில் ஃபோர்ட் வெய்ன் பயிற்சியாளரைக் குறைகூற இடமில்லை. பிழை அமைப்பில் இருந்தது. ஒருவர் வீட்டுப் பிள்ளையை 13 வீடுகளுக்குப் பொதுவான ஆசிரியரிடம் விட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது.

டொரான்டோ பாடம் கற்றுக்கொண்டது. 2015 கோடையில் சொந்தமாக ஓர் அணியை வாங்கி, நகரத்தை ஒட்டிய மிசிசாகாவில் நிறுவியது. அந்தப் புறநகர்ப் பகுதியின் தொலைபேசிக் குறியீட்டு எண்ணே பெயரானது: ராப்டர்ஸ் 905. லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் 2006இலும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 2007இலும் எடுத்துவைத்த அடியைத்தான் டொரான்டோ தாமதமாக எடுத்தது. 2024இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் தன் துணை அணியைக் களமிறக்கிய பிறகு, 30 என்பிஏ அணிகளுக்கும் ஆளுக்கொரு ஜி லீக் அணி உண்டு.

உரிமை கைமாறுவதால் என்ன மாறுகிறது? நடைமுறையில் ஏறக்குறைய எல்லாமே. மேல் அணியின் ஆட்ட வரைவுகளும், அவற்றுக்கான சொற்களும், தடுப்பாட்ட விதிகளும் கீழேயும் அப்படியே கற்பிக்கப்படும். காலையில் டொரான்டோவில் முதன்மை அணியோடு பயிற்சி செய்துவிட்டு, மாலையில் அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் மிசிசாகா போய் ஆடிவிட்டுத் திரும்பலாம். எவ்வளவு நேரம் களத்தில் நிற்க வேண்டும், எந்த நிலையில் ஆட வேண்டும், எத்தகைய எறிதல்களைத் தயங்காமல் எடுக்க வேண்டும் என்பதை மேல் அணியின் நிர்வாகமே வகுத்துத் தரும். கீழ் அணியின் பயிற்சியாளரும் அதே நிறுவனத்தின் ஊழியர். அவருடைய பணி உயர்வும் அந்த இளைஞரின் முன்னேற்றத்தோடு பிணைந்திருக்கிறது. ஃபோர்ட் வெய்னில் இல்லாமல் போனது இந்தப் பிணைப்புதான்.

இப்போது இரண்டாமவர். கேமரூனின் டூவாலா நகரில் 1994இல் பிறந்த பாஸ்கல் சியாகம், குருத்துவக் கல்லூரியில் படித்த பிள்ளை. கூடைப்பந்தை அவர் மெய்யாகவே கையில் எடுத்தது பதின்பருவத்தின் இறுதியில். 2012இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த முகாமில் கவனம் பெற்று, அமெரிக்கா சென்று நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2016 டிராஃப்டில் 27ஆவதாக டொரான்டோவுக்கு வந்தார். பல சக வீரர்கள் பத்து வயதில் தொடங்கியதை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கற்று வந்தவர் அவர். ஓயாத ஓட்டம், நீண்ட கைகள், சலிக்காத உழைப்பு ஆகியவை இருந்தன. நம்பத்தகுந்த எறிதல் இல்லை.

வழக்கமான பாதையில் அவர் நேராகக் கீழே போயிருக்க வேண்டும். ஒரு விபத்து அதை மாற்றியது. முன்வரிசைக்கு எடுக்கப்பட்டிருந்த ஜாரெட் சல்லிங்கர் பருவம் தொடங்கும் முன்பே பாதக் காயத்தால் விலக, புதுமுகமான சியாகம் தொடக்க ஐவரில் ஒருவரானார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய 55 ஆட்டங்களில் 38இல் தொடக்க வீரர். கைல் லோரியும் டிமார் டெரோசனும் ஆண்ட அணியில் அவருக்கு வேலை எளிமையாகவே வரையறுக்கப்பட்டிருந்தது: ஓடு, ரீபவுண்ட் எடு, எதிரணியின் பெரிய ஆட்களைத் தடு. பந்து அவர் கைக்கு வருவது அரிது. முழுப் பருவத்திலும் அவர் எடுத்த மூன்று புள்ளி எறிதல்கள் ஏழு, விழுந்தது ஒன்று. தூரத்தில் அவரைத் தனியே விட்டுவிட்டு எதிரணித் தடுப்பாளர் வளையத்தடியில் போய் நிற்பது வழக்கமானது. பருவத்தின் நடுவில் தொடக்க இடம் பறிபோனது. பிப்ரவரியில் செர்ஜ் இபாகாவும் பி.ஜே. டக்கரும் வந்து சேர, எஞ்சியிருந்த நேரமும் போனது.

அதன் பிறகுதான் அவர் மிசிசாகாவுக்கு அனுப்பப்பட்டார். ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ் பயிற்றுவித்த 905 அணி அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்களில் 39ஐ வென்றிருந்தது. டெக்சஸின் ரியோ கிராண்டே வேலி வைப்பர்ஸுக்கு எதிரான மூன்று ஆட்ட இறுதித் தொடரில் முதலாவதைத் தோற்று, அடுத்த இரண்டையும் வென்று 2017 ஏப்ரலில் கோப்பையைக் கைப்பற்றியது. தொடரில் ஆட்டத்துக்குச் சராசரி 23 புள்ளி எடுத்த சியாகம் இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். அவர் தோழர் ஃப்ரெட் வான்வ்லீட்டும் அதே அணியில் ஆடினார். டிராஃப்டில் எவரும் தேர்ந்தெடுக்காத வீரர் அவர்.

இங்கே நின்று நிதானிக்க வேண்டும். 905க்காகச் சியாகம் ஆடிய ஆட்டங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒரு சில வாரங்களின் ஆட்டம் ஒருவரை உருவாக்கிவிட்டது என்று சொன்னால் எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. ஆட்ட நேரத்தின் கூட்டுத்தொகையே வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்றால், 905 அணிக்காக இரண்டு பருவங்களுக்கு மேல் ஆடிய கபோக்லோதான் சியாகமைவிட வெகுதூரம் போயிருக்க வேண்டும். அவரை டொரான்டோ 2018 பிப்ரவரியில் சாக்ரமென்டோவுக்குக் கொடுத்துவிட்டது.

வேறுபாடு எங்கே? சியாகம் கீழே வந்தபோது மேல் லீக்கின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது. 38 தொடக்கங்களில் என்பிஏவின் வேகத்தையும் உடல் மோதலையும் நேரில் கண்டிருந்தார். தன்னை ஏன் தனியே விடுகிறார்கள், பந்து கைக்கு வந்தால் தனக்கு ஏன் வழி தெரியவில்லை என்ற இரண்டு கேள்விகளோடு அவர் வந்தார். மேலே பந்து கிடைக்காதவருக்குக் கீழே பந்து கொடுக்கப்பட்டது. ரீபவுண்ட் எடுத்தவுடன் பாயின்ட் கார்டைத் தேடாமல், தானே பந்தைத் தட்டிக்கொண்டு களத்தின் மறுமுனைக்கு ஓட அனுமதி இருந்தது. அடுத்த பருவத்தில், 59 வெற்றி பெற்ற ராப்டர்ஸின் மாற்று வீரர் குழுவில் அவர் செய்தது இதையேதான். வான்வ்லீட்டும் 905இல் ஆடித் தேறிய டெலான் ரைட்டும் உடன் நின்ற அந்தக் குழு, லீக்கின் மிகச் சிறந்த பெஞ்ச்களில் ஒன்றாகக் கருதப்பட்டது. 2019இல் சியாகம் லீக்கின் ‘மிகவும் முன்னேறிய வீரர்’ விருதைப் பெற்றார். அந்த ஆண்டு இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 17 எறிதல்களில் 14ஐக் கூடையாக்கி 32 புள்ளி எடுத்தார். டொரான்டோ கோப்பை வென்றது.

மூன்று புள்ளி எறிதல் மட்டும் 905இல் வந்ததல்ல. 2017–18 பருவத்திலும் அது தடுமாறிக்கொண்டே இருந்தது. கோடைக்காலங்களில் தனிப்பயிற்சியாளர்களோடு ஆயிரக்கணக்கில் எறிந்து எறிந்தே அவர் அதை 2018–19க்குள் ஒழுங்குபடுத்தினார். இந்தப் பிரிப்பு முக்கியமானது. ஆளில்லா அரங்கத்தில் தனியே திருத்தக்கூடிய திறன்கள் உண்டு, எறிதல் அவற்றில் ஒன்று. ஒன்பது பேர் அசையும் களத்தில் மட்டுமே கற்கக்கூடியவையும் உண்டு. எந்த நொடியில் பந்தைக் கொடுப்பது, எப்போது ஓடுவது, யார் தவறவிட்ட ஆளை யார் பிடிப்பது என்பவை அவை. கீழ் லீக்கின் நிமிடங்கள் இரண்டாவது வகைக்கே பயன்படும். முதல் வகைக்கான மருந்தாக அவற்றைப் பரிந்துரைப்பது வீண்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஜோர்டன் பூல் இந்தக் கருத்துக்கு இன்னொரு சான்று. 2019இல் 28ஆவதாகத் தேர்வான அவருக்கு நிமிடப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஸ்டெஃபன் கரி கையை முறித்துக்கொண்டு, கிளே தாம்சன் காயத்தில் முழுப் பருவமும் வெளியே இருந்த அந்த ஆண்டு, 15 வெற்றிக்கு 50 தோல்வி என்று அணி சரிந்தது. பூல் ஆட்டத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆடினார். எறிந்தவற்றில் மூன்றில் ஒன்றுதான் விழுந்தது. மேல் லீக்கிலேயே தாராளமாகக் கிடைத்த ஆட்ட நேரம் அவரைத் தேற்றவில்லை. 2021 பிப்ரவரியில், பெருந்தொற்றுக் காலத்தில் ஆர்லாண்டோவின் டிஸ்னி வளாகத்துக்குள் அடைத்து நடத்தப்பட்ட ஜி லீக் பருவத்தில், துணை அணியான சான்டா க்ரூஸ் வாரியர்ஸுக்காக ஆட அவர் போனார். பந்து அவர் கையில், தாக்குதல் அவர் பொறுப்பில். சராசரி 22 புள்ளிக்கு மேல். மார்ச்சில் திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். அடுத்த ஆண்டு கோப்பை வென்ற அணியின் முக்கியத் தூண்களில் ஒருவரானார். இவரும் மேலே அடிபட்டு, தன் குறையை அறிந்த பின்பே கீழே வந்தவர்.

அதே அணி, அதே துணை அணி, அதே பயிற்சி முறை ஜேம்ஸ் வைஸ்மனுக்குப் பலிக்கவில்லை. கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடிவிட்டு 2020இல் இரண்டாவது தேர்வாக வந்த ஏழடி சென்டர் அவர். முதல் பருவம் முழங்கால் சவ்வுக் கிழிவோடு 39 ஆட்டங்களில் முடிந்தது. அடுத்த பருவத்தில் என்பிஏவில் ஓர் ஆட்டமும் இல்லை. 2022 நவம்பரில் சான்டா க்ரூஸுக்கு அனுப்பப்பட்டார். அங்கே புள்ளிகளும் ரீபவுண்ட்களும் குவிந்தன. ஆனால் 2023 பிப்ரவரியில் அவரை விட்டுக்கொடுத்த அணி, பதிலாகத் தன் பழைய வீரர் இரண்டாம் கேரி பேட்டனைத் திரும்பப் பெற்றது.

வைஸ்மன் ஏன் தேறவில்லை என்பதற்கு, தடுப்பாட்டத்தின் ஒரே ஒரு காட்சியை நெருங்கிப் பார்த்தால் போதும். எதிரணி கார்ட் பந்தோடு வருகிறார். அவருடைய சென்டர் திரைபோல் குறுக்கே நின்று நம் கார்டை மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடுகிறார். இதுவே பிக் அண்ட் ரோல். இப்போது நம் சென்டர் இருவருக்கும் நடுவே தனியே நிற்கிறார். ஓரடி முன்னே போனால் தலைக்கு மேல் பந்து போய்விடும், ஓரடி பின்னே நின்றால் கார்ட் நிதானமாக எறிந்துவிடுவார். எதிரணிக்காரரின் இடுப்பைப் பார்த்து, பின்னால் உள்ள தோழருக்குக் குரல் கொடுத்து, இரு கால்களும் தரையில் ஊன்றியபடி அந்த முடிவை ஒரு நொடிக்குள் எடுக்க வேண்டும். என்பிஏவில் அந்தக் கார்ட் ஆயிரம் முறை இதைச் செய்து தேர்ந்தவர், நம் சென்டரின் ஒவ்வொரு சறுக்கலையும் உடனே தண்டிப்பார். ஜி லீக்கிலோ பல கார்டுகள் அந்தச் சறுக்கலைக் கவனிப்பதில்லை, கவனித்தாலும் எறிதல் தவறிவிடுகிறது. ஏழடி உயரமும் தாவும் ஆற்றலும் உள்ளவர் அரை நொடி தாமதித்தாலும் எம்பிப் பந்தைத் தட்டிவிடலாம். பிழை, பிழையாகத் தெரியாமலே போய்விடுகிறது. தாக்குதலில் புதியதை முயன்று பார்க்கக் கீழ் லீக் நல்ல இடம். பெரிய ஆட்களின் தடுப்பாட்ட முடிவுகளைக் கூர்மையாக்க அது போதுமான எதிர்ப்பைத் தருவதில்லை.

ரூடி கோபேர் இதற்கு மாற்றுச் சான்று என்று வாதிடலாம். 2013இல் 27ஆவதாகத் தேர்வாகி யூட்டாவுக்கு வந்து, முதல் பருவத்தில் பேக்கர்ஸ்ஃபீல்ட் ஜாம் அணிக்கு அனுப்பப்பட்டு, பிறகு நான்கு முறை சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது வென்றவர் அவர். ஆனால் கோபேர் பிரான்சின் முதல்நிலை லீக்கில் வயது முதிர்ந்த தொழில்முறை வீரர்களுக்கு நடுவே ஆடிவிட்டு வந்தவர். அந்த அடித்தளம் மூன்று கல்லூரி ஆட்டங்களோடு வந்தவருக்கு இருக்க வழியில்லை.

இரண்டாம் கேரி பேட்டனின் பாதை இன்னும் கவனிக்கத்தக்கது. பல ஆண்டுகள் ஜி லீக் அணிகள் பலவற்றில் அலைந்தவர் அவர். 2021இல் ராப்டர்ஸ் 905க்காக ஆடி அந்த லீக்கின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருதைப் பெற்று, உடனே வாரியர்ஸின் பத்து நாள் ஒப்பந்தத்தில் உள்ளே வந்தார். உயரத்தில் கார்ட், ஆனால் தாக்குதலில் சென்டரைப் போலத் திரையிட்டு வளையத்துக்கு ஓடுபவர். மேல் லீக்கில் தனக்கு எந்த இடம் கிடைக்கக்கூடும் என்று துல்லியமாக அறிந்து அதற்காகவே தன்னைச் செதுக்கிக்கொண்டவர். டங்கன் ராபின்சனும் அப்படியே. 2018இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவரை மயாமி, என்பிஏவுக்கும் ஜி லீக்குக்கும் இடையே போய்வர வழிதரும் இருவழி ஒப்பந்தத்தில் எடுத்து, தன் துணை அணி இருந்த சூ ஃபால்ஸுக்கு அனுப்பியது. அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே: ஓடிக்கொண்டே இரு, சிறு இடைவெளி கிடைத்தாலும் எறி. மேலே வந்ததும் அவர் செய்த வேலையும் அதுவே. 2019–20இல் 270 மூன்று புள்ளிகள், 2021இல் ஐந்தாண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம்.

கீழே நட்சத்திரமாக இருப்பது மேலே கிடைக்கும் வேலைக்குத் தயாரிப்பாகாது என்பதை ராபர்ட் கவிங்டனின் கதை சொல்கிறது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 2013–14இல் தன் துணை அணியான வைப்பர்ஸை ஒரு சோதனைக்கூடமாகவே நடத்தியது. ஆட்டத்துக்கு 40க்கு மேற்பட்ட மூன்று புள்ளி எறிதல்கள், மூச்சுவிட இடமில்லாத வேகம். கவிங்டன் அங்கே 23 புள்ளிக்கு மேல் சராசரி வைத்து ஆண்டின் சிறந்த புதுமுகமானார். அடுத்த பருவத் தொடக்கத்திலேயே ஹூஸ்டன் அவரை விடுவித்தது, ஃபிலடெல்ஃபியா எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகளில் அவர் லீக்கின் முதல் தடுப்பாட்ட ஐவரில் ஒருவராகத் தேர்வானார். புள்ளி எடுப்பவராக வளர்க்கப்பட்டவரின் உண்மையான மதிப்பு வேறெங்கோ இருந்தது. செலவழித்த அணி அதைக் காணவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு வலுவான மறுப்பு எஞ்சுகிறது. தேறியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவர்கள் கீழ் லீக்கால்தான் தேறினார்கள் என்று சொல்வது தர்க்கப் பிழை அல்லவா? சியாகம் எங்கே ஆடியிருந்தாலும் தேறியிருப்பார் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்? மறுப்பு நியாயமானது. இன்று என்பிஏவில் ஆடுபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் எப்போதாவது ஜி லீக்கில் ஆடியவர்கள். லீக் நிர்வாகம் பெருமையோடு சொல்லும் இந்தக் கணக்கு காரணத்தை நிறுவாது. அதனால்தான் இங்கே ஒரே அணிக்குள்ளான இணைகள் எடுக்கப்பட்டன. டொரான்டோவுக்குள் கபோக்லோவும் சியாகமும், கோல்டன் ஸ்டேட்டுக்குள் பூலும் வைஸ்மனும். நிர்வாகம் ஒன்று, வசதிகள் ஒன்று, கற்பித்த ஆட்ட முறை ஒன்று. மாறியது வீரர் கீழே வந்த கட்டமும், அங்கே அவர் கற்க வேண்டியிருந்த திறனின் வகையும். நான்கு வாழ்க்கைகள் ஒரு விதியை நிறுவப் போதா. ஆனால் நிமிடக் கூட்டுத்தொகையை மட்டும் நம்பும் வாதத்தைக் கேள்விக்குள்ளாக்கப் போதும்.

கபோக்லோவின் பெயரைத் தோல்விப் பட்டியலில் எழுதிவிடுவதும் அவசரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், லெப்ரான் ஜேம்ஸும் கெவின் டுரான்ட்டும் நின்ற அமெரிக்க அணிக்கு எதிராக அவர் பிரேசிலுக்காக 30 புள்ளி எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. டிராஃப்ட் இரவில் கேலிபோலச் சொல்லப்பட்ட நான்கு ஆண்டுக் கணக்குகூட அவருக்குப் போதாமல் பத்து ஆண்டு தேவைப்பட்டது. அவர் வளர்ந்தார். வளர்ச்சியின் காலமும் என்பிஏ ஒப்பந்தத்தின் காலமும் ஒத்துப்போகவில்லை.

இந்திய வாசகர்களுக்கு நெருக்கமான சான்று சத்னாம் சிங். பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரிலிருந்து ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போய், 2015இல் டல்லஸ் மாவெரிக்ஸால் 52ஆவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர். ஃப்ரிஸ்கோ நகரின் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு பருவங்கள் இருந்தார். டல்லஸின் துணை அணி அது என்றாலும் அவர் என்பிஏ ஒப்பந்தத்தோடு அங்கே போகவில்லை. சாதாரண டி லீக் வீரராகவே போனார். மேல் அணிக்கு அவரிடம் முதலீடு இல்லாததால் அவருக்கு நிமிடம் ஒதுக்கச் சொல்லி ஆணையிட யாருமில்லை. அதே காலத்தில் உயரமான, மெதுவாக நகரும் சென்டர்களை என்பிஏவே கைவிட்டுக்கொண்டிருந்தது. மிகச் சில நிமிடங்களோடு அந்தக் கதை முடிந்தது. தேர்வு நாளில் நாடே கொண்டாடிய இளைஞரைப் படிப்படியாக வளர்க்க அந்த அமைப்பில் பொறுப்பாளர் ஒருவரும் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

சத்னாமின் நிலையே ஜி லீக்கில் பெரும்பாலானோரின் நிலை. அனுப்பப்பட்ட ஒருவருக்கு 35 நிமிடம் ஒதுக்கினால், அந்த நேரத்தை இழப்பவர் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் டாலர் சம்பளத்தில் ஆடும் சக வீரர். 2018–19இல் அந்தச் சம்பளம் 35,000 டாலர். அவரும் ஒரு வாய்ப்புக்காகவே அங்கே இருக்கிறார். பந்தைத் தொடர்ந்து தவறவிடும் முதல் சுற்றுத் தேர்வாளருக்கு வழிவிட்டு அவர் மூலையில் நிற்க வேண்டியிருக்கிறது. அதே வேளையில் எந்த என்பிஏ அணியும் அவரைப் பறித்துக்கொள்ளலாம், பயிற்றுவித்த என்பிஏ அணிக்கு அவர்மேல் உரிமை ஏதுமில்லை. 2017இல் 905 அணியின் சென்டர் எடி டவாரெஸ் லீக்கின் சிறந்த தடுப்பாட்ட வீரராகத் தேர்வான பருவத்திலேயே, கோப்பைச் சுற்றுக்கு நடுவே க்ளீவ்லேண்ட் அவரை எடுத்துக்கொண்டது. 905 அவர் இல்லாமலே கோப்பையை வென்றது. இந்தச் சுதந்திரம் வீரருக்கு நல்லது, பறிக்கப்படக் கூடாதது. ஆனால் பிறருக்குப் போகக்கூடிய வீரரை வளர்க்க மேல் அணிக்கு ஊக்கம் குறைகிறது என்பதும் உண்மை.

2017இல் வந்த இருவழி ஒப்பந்தம் இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. முதலில் அணிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 45 நாள் என்பிஏவில். இன்று மூன்று பேர், 50 ஆட்டங்கள் வரை. இக்கட்டுரையின் வாதப்படி அதன் பெரிய பயன் எண்ணிக்கையில் இல்லை, போக்குவரத்தில் இருக்கிறது. மேலே சில ஆட்டம், அங்கே கண்ட குறையோடு கீழே சில வாரம், மீண்டும் மேலே. சியாகமுக்குக் காயம் ஒன்றின் தற்செயலால் நேர்ந்த வரிசையை இந்த ஒப்பந்தம் ஒரு முறையாகவே ஆக்கித் தருகிறது.

முதல் சுற்றுத் தேர்வாளர்களுக்கு அந்த முறை இல்லை. அவர்களுடைய ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டைத் தொடர்வதா என்பதை, இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே அணி முடிவு செய்ய வேண்டும். அதாவது 19 வயதில் வந்தவரைப் பற்றி ஒரே ஒரு பருவத்தின் சான்றோடு தீர்ப்பு எழுத வேண்டும். அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் கீழே கழித்திருந்தால் மேல் லீக்கின் சான்று ஏறக்குறைய எதுவும் இருக்காது. மேலேயே பெஞ்சில் வைத்திருந்தால் எந்தச் சான்றும் இருக்காது. 20 வயது நிறையாமல் டிராஃப்டில் வருவோருக்கு மட்டும் அந்த முடிவு நாளை ஓராண்டு தள்ளிவைப்பது செய்யக்கூடிய ஒரு திருத்தம். வீரர் சங்கம் தயங்கக் காரணம் உண்டு. உறுதியான சம்பளம் பற்றிய அறிவிப்பு தள்ளிப்போகிறது. அந்தத் தயக்கத்துக்கு விடை, முடிவு தள்ளிப்போகும் வீரர்களுக்கு மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே உறுதிசெய்வது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இரு தரப்பும் மேசையில் வைக்க வேண்டிய பேரம் இது.